ரிபிள் ஆற்றங்கரையில் உன் மகள் கேட்ட கேள்வி

என்னைக் கைபிடித்து லண்டனுக்குள் நடத்திய என் வதனி அக்காவுக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம். "பேப்பரில ஒரு நினைவஞ்சலி போடுவம், ஒரு படமும் நாலு வரியும் காணும்" என்று உன் மச்சாள் சுபா சொன்னாள். எழுத உட்கார்ந்தேன். பண்பு, பாசம், குலவிளக்கு என்று எல்லாரும் போடுகிற சொற்கள்தான் வந்தன. நீ பார்த்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாய். அதைக் கிழித்துப்போட்டு இதை எழுதுகிறேன். ஊரறியவே எழுதுகிறேன். நான் உனக்குச் செய்ததும் ஊரறியச் செய்ததுதானே.

முதலில் வீட்டுப் புதினங்கள். சின்னவன் ஆரோனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன; பாட்டுப் படித்தால் காற்றுத்தான் வருகிறது. அத்தான் திரும்பவும் ட்ராம் ஓட்டப் போகிறார். கறி வைக்கப் பழகிவிட்டார், உப்புத்தான் இன்னும் கைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தலை இழுத்து, சப்பாத்துப் போட்டு, நீ கூட்டிப்போன அதே நேரத்துக்குச் சேர்ச்சுக்குக் கூட்டிப்போகிறார். மூத்தவள் ரூத்துக்கு ஜூனில் எட்டு வயதானது. அவளைப் பற்றித்தான் உனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்த நாட்டுக்கு முதலில் வந்தது நீ. பிறகு, பதினேழு வயதில் நான். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. நீ பெற்றோல் செட்டில் நின்று என்னைக் கொலிஜுக்கு அனுப்பினாய். யாழ்ப்பாணத்தில் அப்பா செத்தபோது எங்கள் விசா முடிவு வந்திருக்கவில்லை, போக ஏலாமல் போனது. நான் இரட்டை ஷிப்ட் எடுத்து வேலைக்குள் ஒளிந்துகொண்டேன். நீ அந்த அறைக்குள் தனியே இருந்தாய். அந்த நாட்களில்தான் ட்ராம் தரிப்பிடத்தில் இரண்டு இளம் பெண்கள் உன் சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தார்கள். மோர்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் ஊழியக்காரிகள். நாங்களோ பரம்பரைச் சைவம். நீ அப்பாவைப் பற்றிச் சொன்னாய், அவர்கள் இருந்து கேட்டார்கள். அதைக் கேட்க வேண்டிய ஆள் நான் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அப்போது விளங்கியதெல்லாம் என் அக்காவை யாரோ கொண்டுபோகிறார்கள் என்பதுதான்.

"சனிக்கிழமை ஞானஸ்நானம் எடுக்கப்போறன், நீயும் வா" என்றாய்.

"அங்க போனாயெண்டால் எனக்கு அக்கா இல்லை" என்றேன்.

நீ போனாய். நான் அந்தக் கிழமையே வெம்பிளியில் ஒரு சிநேகிதனின் அறைக்கு மாறினேன். ஆறு வருடம் உன்னோடு கதைக்கவில்லை. அந்த ஆறு வருடத்துக்குள் சுபாவோடு என் கலியாணம் நடந்தது. உன் கலியாணமும் நடந்தது. மன்னாரில் கத்தோலிக்கனாகப் பிறந்து உன் சபையில் சேர்ந்திருந்த அன்ரன் அத்தானை நீ கட்டினாய் என்று யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

ரூத் பிறந்த அன்று நீயே போன் எடுத்தாய். "தாய்மாமன் வரவேணும். வா." அவ்வளவுதான். வந்தேன். அதற்குப் பிறகு கதைத்தோம், சேர்ந்து சாப்பிட்டோம், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு பலூன் ஊதினோம். ஆனால் அந்த ஆறு வருடத்தைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. உன் சேர்ச்சுக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது உன் செத்தவீட்டுக்குத்தான்.

ஏப்ரலில் அத்தானுக்கு ஹேர்னியா ஒப்பரேசன். பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்தபடி ஒரு தாளை எடுத்து நீட்டினார். உன் கையெழுத்து.

"மச்சான், இது வதனி போட்ட பிளான். இந்த நாட்டில எங்கட சபை தொடங்கின இடங்களை ரூத்துக்கு எட்டு வயசு வர முந்திக் காட்டவேணும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ. எனக்கு இப்ப கனநேரம் காரில இருக்க ஏலாது. மே மாசப் பள்ளிக்கூட லீவில நீ கூட்டிக்கொண்டு போவியோ?"

"எனக்கு அந்த இடங்களைப் பற்றி ஒண்டும் தெரியாதே, அத்தான்."

"அவ எழுதி வச்சிருக்கிறா. நீ வாசிச்சுக் காட்டினால் காணும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். உங்கள் சபையில் எட்டு வயதில்தான் ஞானஸ்நானம், பிள்ளை தானே ஓம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். "ரூத் வேண்டாமெண்டுறாள். ஏனெண்டு கேட்டால் அழுறாள். நான் கட்டாயப்படுத்த மாட்டன். உன்னோட நல்லாக் கதைப்பாள். ஒருக்காக் கேட்டுப் பார்."

அக்கா, உனக்கு மறைக்க ஏலாது. அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. படுத்திருக்கிற மனுசனுக்கு முன்னால், உன் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு சந்தோசப்பட்டேன். பார்த்தாயா, நான் எப்படிப்பட்டவன் என்று.

லீவு தொடங்கிய சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். நானும் சுபாவும் முன்னுக்கு, ரூத்தும் ஆரோனும் பின்னுக்கு. சுபா ரோல்ஸ் பொரித்து, கட்லட் சுட்டு, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஒக்ஸ்ஃபோர்ட் தாண்டி நிறுத்தி, அவள் நாலு கப்பை வரிசையாக வைத்தபோது ரூத் பாவம் பார்க்கிற மாதிரிச் சொன்னாள்: "மாமி, நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறேல்லை. நீங்கள் குடியுங்கோ, பரவாயில்லை."

சுபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. காலையில் கண் திறக்காமலே கேத்திலைத் தேடுகிற நீ, உன் சபைக்கு ஆகாதென்று அதை ஒரே நாளில் விட்டாயே! அன்றைக்கு எனக்கு உன் சாமி மாறியதைவிட அதுதான் பெரிய துரோகமாகப் பட்டது. யாரோடு நான் இனி தேத்தண்ணி குடிப்பது?

உன் தாளை சுபா மடியில் வைத்திருந்தாள். "காட்ஃபீல்ட் எல்ம்: சின்னச் சேர்ச். ஆரோன் ஓட இடம் இருக்கு. லிவர்பூல்: ஜாக்கெட் கட்டாயம், பொல்லாத காத்து. ப்ரெஸ்டன்: ஆறு. ரூத்தோட இங்க வச்சுக் கதைக்கவேணும். சாட்பேர்ன்: பிள்ளையளின்ர கதையைச் சொல்லவேணும்." ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் சரித்திரம். ப்ரெஸ்டனில் என்ன கதைக்க நினைத்தாய் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை யாரிடம் கேட்பது?

காட்ஃபீல்ட் எல்ம் ஒரு ஒடுங்கிய பாதையில், வயல்களுக்கு நடுவில் இருந்தது. கல்லால் கட்டிய ஒரே ஒரு மண்டபம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட இருநூறு வருடத்துக்கு முந்தி அந்தப் பக்கத்துத் தோட்டக்காரச் சனம் கட்டியதாம். அமெரிக்காவிலிருந்து வந்த ஊழியக்காரரின் பேச்சைக் கேட்டு ஊரோடு சபையில் சேர்ந்து, பிறகு அந்த மண்டபத்தையே விற்றுக் கப்பலேறிப் போனார்களாம். உன் தாளில் இருந்ததை நான் இங்கிலீசில் சொல்ல, ஆரோன் இடையில் கேட்டான்: "அங்க போயும் இந்த இடத்தை நினைச்சு அழுதவையோ?"

அது உன் தாளில் இல்லை. ஆனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "ஓம், அழுதிருப்பினம்" என்றேன்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் நெற்றி விபூதியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், நீங்கள் எங்கள் சபையோ என்று மரியாதையாகக் கேட்டார். "இல்லை, என் அக்கா இந்தச் சபையில் இருந்தவ" என்றேன்.

"இருக்கிறா" என்று ரூத் திருத்தினாள்.

அந்த அம்மா குனிந்து ரூத்தின் கையைப் பிடித்து, "ஓம், இருக்கிறா" என்றார். நான் வெளியே போய் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லிவர்பூலில் நீ சொன்ன காற்றுத்தான். துறைமுகத்தில் ஒரு குடும்பத்தின் வெண்கலச் சிலை இருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள். கப்பலேறிப் போன உங்கள் ஆக்களின் நினைவுக்கு வைத்தது. ஆரோன் கடற்பறவைகளைத் துரத்திக்கொண்டு ஓடினான். ரூத் அந்த வெண்கல அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஜாக்கெட் கைக்குள் கையை இழுத்துக்கொண்டு நின்றாள். சுபா படம் எடுக்கப் போனை உயர்த்த, "வேண்டாம் மாமி" என்றாள். அந்த நேரமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இந்தப் பிள்ளைக்குள் ஏதோ கிடந்து அரிக்கிறது என்று.

அடுத்த நாள் பின்னேரம் ப்ரெஸ்டன். ரிபிள் ஆறு பார்க்குக்குக் கீழே அகலமாக, தேத்தண்ணி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இந்த நாட்டில் உங்கள் சபையின் முதல் ஞானஸ்நானம் அந்தத் தண்ணீரில்தான். யார் முதலில் இறங்குவது என்று இரண்டு ஆம்பிளைகள் ஆற்றை நோக்கி ஓடினார்களாம். அதைக் கேட்டதும் ஆரோன் நாங்களும் ஓடவேண்டும் என்று நின்றான். சுபா சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவனோடு ஓடினாள். நானும் ரூத்தும் வாங்கில் இருந்தோம்.

அவள் இங்கிலீசில்தான் கதைத்தாள், நடுநடுவே தமிழ். நான் உனக்குத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"மாமா, உங்கட கலியாண வீடியோவை மாமி எனக்குத் தந்தவ. நான் நாலு தரம் பாத்திட்டன்."

"மூண்டு மணித்தியால வீடியோவையோ? ஏன்?"

"அம்மா நடக்கிறதைப் பாக்க. எங்களிட்ட படங்கள்தான் கனக்க இருக்கு. ஆனா அம்மா ஒன்பது செக்கன் மட்டும்தான் வாறா. கடைசி வரிசையில இருக்கிறா. பிறகு இல்லை." ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மாப்பிள்ளையின்ர அக்கா தங்கச்சிதானே பொம்பிளைக்குப் பக்கத்தில தோழியா நிக்கிறது? எல்லாற்ற வீடியோவிலயும் அப்பிடித்தான். அம்மா ஏன் பின்னுக்கு இருக்கிறா?"

கமராக்காரன் சரியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஒன்பது செக்கனை நாலு தரம் தேடிப் பார்த்த பிள்ளையிடம் அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் ஏலவில்லை.

"நான்தான் அம்மாவை முன்னுக்கு வர விடேல்லை, ரூத்."

"ஏன்?"

"அவ உங்கட சேர்ச்சில சேர்ந்தது எனக்குக் கோபம். அம்மாக்கு வெறும் கார்ட் மட்டும் அனுப்பினன். ஒண்டுவிட்ட தங்கச்சியைத் தோழியா நிக்க வச்சன்."

"ஆனா அம்மா வந்தவ."

"ஓம். வந்தவ."

"அழுதவவோ?"

"தெரியாது. நான் அம்மா இருந்த பக்கம் பாக்கேல்லை."

உண்மை அதுதான் அக்கா. நீ என்ன நிறச் சேலை கட்டியிருந்தாய் என்றுகூட ரூத் சொன்ன பிறகு வீடியோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. பச்சை. சாப்பிட்டாயா, யாரோடு இருந்தாய், எப்போது போனாய், ஒன்றும் எனக்குத் தெரியாது. மணவறையில் இருந்த அவ்வளவு நேரமும் உன்னைப் பார்க்காமல் இருப்பதுதான் என் வேலையாக இருந்தது.

"பிறகு அம்மாட்ட ஸொறி சொன்னனீங்களோ?"

"இல்லை."

"எப்பவுமேயோ?"

"அம்மா ஒருநாளும் அதைப் பற்றிக் கேக்கேல்லை."

"அம்மா கேக்க மாட்டா!" என்று கத்தினாள். நாய் நடத்திக்கொண்டு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா ஒண்டும் கேக்க மாட்டா. நாங்களாத்தான் சொல்லவேணும். அது உங்களுக்குத் தெரியாதோ?"

எழும்பி ஓடிப்போய் சுபாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் இல்லை. நாங்கள் தங்கிய இடத்தில் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு நேர் எதிரே நான். "மாமி, கெச்சப்பைத் தரச்சொல்லி மாமாட்டச் சொல்லுங்கோ" என்றாள். நான் அவள் பக்கம் தள்ளிவைத்தேன். எடுக்கும்போதும் நிமிரவில்லை. ஆறு வருடம் நான் உனக்குச் செய்ததை உன் மகள் எனக்கு ஒரு பின்னேரம் செய்தாள். அதையே என்னால் தாங்க ஏலவில்லை. நீ எப்படித் தாங்கினாய்?

அவளைச் சமாதானப்படுத்த நான் ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பினேன். சுபா மறித்தாள். "இஞ்சருங்கோ, விடுங்கோ. கோவிக்க அவளுக்கு உரிமை இருக்கு. அதையும் நீங்கள் பறிக்காதேங்கோ." பன்னிரண்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்துகிறவள். அந்தத் தோழி விசயத்தில் அவளும் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான், அவளுக்கும் அது உள்ளே கிடந்திருக்கிறது என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் சாட்பேர்ன். மலையடிவாரத்தில் கல்வீடுகள் உள்ள சின்ன ஊர். மழை தூறிக்கொண்டிருந்தது. சபையின் முதல் ஊழியக்காரரில் ஒருவர் அங்கிருந்து விடைபெற்றபோது ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கைகோத்துக்கொண்டு, பாடிக்கொண்டு, தெரு நீளத்துக்கு அவரோடு நடந்தார்களாம். இதைத்தான் நீ சொல்லச் சொல்லி எழுதியிருந்தாய். சொல்லி முடிக்க முந்தியே ஆரோன் எங்களைத் தெருவில் வரிசையாக நிறுத்திவிட்டான். ஒரு கையில் மாமி, மறு கையில் ரூத். நான் ஓரத்தில்.

"ரூத், மாமா தனிய நிக்கிறார். கையைப் பிடி."

அவள் அசையவில்லை.

"பிடி! பிடிச்சால்தான் இது சரி வரும்!"

இரண்டு விரலை மட்டும் நீட்டினாள். நான் அந்த இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆரோன் பல்லில்லாத வாயால் பாடினான். ஒரு வீட்டு ஜன்னலில் இருந்த கிழவர் எங்களுக்குக் கை காட்டினார். தெருவின் மேல் எல்லைக்கு வந்தபோது ஆரோன் சுபாவை இழுத்துக்கொண்டு செம்மறியாடு பார்க்க ஓடினான். ரூத் விரலை எடுக்கவில்லை.

"மாமா," என்றாள், என்னைப் பார்க்காமல். "ஞானஸ்நானம் எடுத்திட்டு வெளிய வரேக்க படியில துடைக்கத் துவாயோட ஆரும் நிக்கவேணும். என்ர ஃப்ரெண்ட் கிரேஸுக்கு அவவின்ர அம்மா நிண்டவ. எல்லாருக்கும் அம்மாதான். அப்பா என்னோட தண்ணிக்குள்ள நிப்பார். ஈரத்தோட நான் தனிய நிக்கவேணும். எல்லாரும் பாப்பினம், பாவம் எண்டு."

இதுதான் அக்கா. இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை அழுதது இதற்குத்தான். கடவுளோடு அவளுக்கு ஒரு பிணக்கும் இல்லை. துவாய்தான்.

அந்த இடத்தில் ஒரு சொல் காணும். "அப்ப வேண்டாம் ராசாத்தி, விடு" என்று நான் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பதினாலு வருடத்துக்கு முந்தி உன்னிடம் தோற்றதை உன் மகளிடம் வென்றிருப்பேன். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அத்தான்கூட எனக்கு நன்றி சொல்லியிருப்பார். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. மழைக்குள் நின்று, அது போகுமட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு சொன்னேன்: "ரூத், உனக்கு வேண்டாமெண்டால் வேண்டாம். மாமா ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா துவாய்க்காக வேண்டாமெண்டு சொல்லாதை. துவாய் நான் பிடிக்கிறன்."

முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்கள் எங்கட சேர்ச்சுக்கே வாறேல்லை."

"வாறன்."

"இதோடயோ?" நெற்றியைக் காட்டினாள்.

"இதோடதான்."

"ஓகே. ஆனா நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

"சொல்லவேண்டாம்."

"உங்களோட கோபமும் இன்னும் போகேல்லை."

"தெரியும்."

லண்டனுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கலியாணத்துக்கு வீடியோ எடுத்தவரைத் தேடினேன். வெட்டிப் போட்ட காட்சிகளில் நீ இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாய் என்று ஒரு நப்பாசை. வெம்பிளியில் கடை வைத்திருந்தவர், இப்போது மகனோடு இருக்கிறார். "தம்பி, அந்த டேப் எல்லாம் எப்பவோ அழிச்சாச்சு. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு ஆர் வச்சிருக்கிறது?" என்றார். அவரைக் குறை சொல்ல ஏலாது. போய் ரூத்திடம் சொன்னேன், இல்லையாம் என்று. தலையாட்டினாள். "ட்ரை பண்ணினீங்கள்தானே" என்றாள்.

ஜூன் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், அவளாகவே அத்தானிடம் ஓம் என்றாளாம். அத்தான் எனக்குப் போன் எடுத்து அழுதார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சுபா பெரிய வெள்ளைத் துவாய் ஒன்று வாங்கி, புதுத் துவாய் தண்ணி உறிஞ்சாது என்று இரண்டு தரம் தோய்த்துக் காயவைத்திருந்தாள். காலையில் விம்பிள்டன் பிள்ளையாரிடம் போனேன். என்ன கேட்டேன் என்று தெரியாது, வெறுமனே நின்றுவிட்டு வந்தேன். பிறகு உன் சேர்ச். உன் சபை ஆக்கள் என்னைப் பார்த்ததும் எழும்பி இடம் விட்டார்கள். நான் இருக்கவில்லை. எனக்குப் படியில்தான் இடம்.

சின்னத் தொட்டி, இடுப்பளவு இளஞ்சூட்டுத் தண்ணி. அத்தான் வெள்ளை உடுப்போடு இறங்கிக் கை கொடுக்க, ரூத் இறங்கினாள். அவர் வலக்கையை உயர்த்தி நாலு வசனம் சொல்லி அவளைத் தாழ்த்தி எடுத்தார். பின்னல் நுனி மிதந்துவிட்டதாம், இன்னொருக்காச் செய்ய வேண்டும் என்றார்கள். முழுக்கத் தாழ வேண்டுமாம். அவளுக்கு மூச்சுத் திணறிக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பயந்துபோய்ப் பக்கவாட்டில் பார்த்தாள். நான் துவாயை விரித்துப் பிடித்தபடி நின்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பவும் தாழ்ந்தாள்.

படியேறி நேரே வந்து துவாய்க்குள் விழுந்தாள். பல்லுக் கிட்டியது. தலையைத் துவட்டினேன்.

"மாமா, காதுக்குள்ள தண்ணி போட்டுது."

காதைத் துடைத்தேன். என் சேட்டெல்லாம் நனைந்தது. பிறகு சுபா வந்து உடுப்பு மாற்றக் கூட்டிப்போனாள். ஒருவரும் பாவம் என்று பார்க்கவில்லை அக்கா. அதைக் கவனித்துக்கொண்டுதான் நின்றேன்.

கோயிலில் பழகிய ஒரு அண்ணை அடுத்த கிழமை போன் எடுத்தார். "என்னடாப்பா, நீயும் அங்கால போட்டியோ?" என்றார். "என்ர மருமகளின்ர விசேசத்துக்குத் தாய்மாமன் போனன், அண்ணை. அவ்வளவுதான்" என்றேன். பிறகு, "பிள்ளை சுகமா இருக்கோ?" என்று கேட்டார். சுகம் என்றேன்.

உன் சமயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். விளங்காமலே நான் சாகவும் கூடும். குடும்பம் செத்த பிறகும் பிரியாது என்று உங்கள் ஆக்கள் நம்புகிறீர்கள் என்று ரூத் எனக்கு விளங்கப்படுத்தினாள். "அதில மாமாவுக்கும் இடம் இருக்குமோ?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. உனக்கு இப்போது தெரிந்திருக்குமா?

பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததை ஊர் கேட்க இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துக்கொள், அக்கா. சுபாவுக்குப் பக்கத்தில் நிற்கிற இடம் உன்னுடையது. அதை நான் எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்தேன். கடைசி வரிசையில் உன்னை இருத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன். நீ உயிரோடு இருக்கும்போது சொல்ல ஏழு வருடம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும், அவள்தான் கேட்கவில்லையே என்று இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தபோதும் இந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது. நேர்ஸ் வந்தாள், நான் விலகி நின்றேன். அதோடு போய்விட்டது.

ஆரோனுக்கு எட்டு வயது வர இன்னும் இரண்டு வருடம். அவன் ஓம் என்பானோ, மாட்டேன் என்பானோ, அது அவன் பாடு. உன் பிள்ளைகள் நாளைக்கு எதைக் கும்பிடுவார்கள், யாரைக் கட்டுவார்கள், எந்த ஊரில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலது எனக்குப் பிடிக்காமலும் போகும். என் குணம் உனக்குத் தெரியும்தானே. ஆனால் ஒன்று. அவர்களோடு கதைப்பதை நான் நிறுத்த மாட்டேன். கோபம் வந்தால் கோபத்தோடேயே கதைப்பேன். இது உனக்கு நான் தருகிற சொல்.

நீ வளர்த்த தம்பி,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
கண்ணன்
மிச்சம், லண்டன்